காக்கும் கைகள்

(பத்தாம் வகுப்பு மாணவி, இடைசெவல்)

முன்னுரை

“படித்து முடித்து என்ன ஆகப் போகிறீர்கள்?” என்று ஒருநாள் சிஸ்டர் வகுப்பில் கேட்டார்கள். பாதிப்பேர் டாக்டர் என்றார்கள். மீதிப்பேர் டீச்சர் என்றார்கள். என் முறை வந்தபோது, “பகலில் சப்-இன்ஸ்பெக்டர், மாலையில் சிலம்ப வாத்தியார்” என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. “இந்த இரண்டு வேலையும் ஒருவருக்குப் பொருந்துமா என்று படித்துப் பார்த்து, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொண்டு வா” என்றார்கள்.

அன்புத் தோழியரே! அப்படிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. தொடங்கும்போது, காவலருக்கு அடிக்கத் தெரிய வேண்டும், ஆகையால் தற்காப்புக்கலை வேண்டும் என்றுதான் எண்ணியிருந்தேன். படித்து முடித்தபோது என் எண்ணம் வேறாகிவிட்டது. எப்படி என்பதைக் கீழே காண்போம்.

கரிசல் காட்டில் கம்பும் காவலும்

இடைசெவல், கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சிற்றூர். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்னும் இரு பெரும் எழுத்தாளர்கள் பிறந்த ஊர் என்று பெரியோர் அறிவர். மானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் கரிசல் நிலம். விளைச்சல் வீடு வந்து சேரும் வரை அதற்குக் காவல் வேண்டும். ஆதலால் எங்கள் பக்கத்தில் ‘காவல்’ என்ற சொல் போலீஸ் நிலையத்தைவிடப் பழையது.

பாளையக்காரர் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஊர்க்காவல், திசைக்காவல் என்று இருவகைக் காவல் இருந்தன. காவல்காரருக்கு ஊரார் விளைச்சலில் ஒரு பங்கு கொடுத்தார்கள். களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. முடியாவிட்டால் அதன் மதிப்பை அவரே ஈடு செய்ய வேண்டும். எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் நாளடைவில் இதே முறையில் குற்றமும் புகுந்தது. களவுப் பொருளை மீட்டுத் தருவதாகச் சொல்லித் துப்புக்கூலி வாங்குவதும், காவல் கொடுக்காத ஊரை மிரட்டுவதும் நடந்தன. காக்க வேண்டிய கை பறிக்கும் கையாகவும் மாறக்கூடும் என்பதை வரலாறு அன்றே காட்டிவிட்டது.

1801இல் பாஞ்சாலங்குறிச்சிப் போர் முடிந்த பிறகு, கும்பெனியார் இந்நாட்டு மக்கள் ஆயுதம் வைத்திருப்பதற்குத் தடை விதித்தார்கள். 1859இல் சென்னை மாகாணத்திற்கென்று போலீஸ் சட்டம் பிறந்தது. சம்பளம் வாங்கும், சீருடை அணியும் காவலர் வந்தார். பழைய காவல் முறை மெல்ல மெல்ல வலுவிழந்தது. ஆனாலும் கோயில் கொடையில் கம்பு சுற்றுவது நிற்கவில்லை. அதுவே இன்றும் நம்மிடையே வாழும் சிலம்பம்.

என் தாத்தா புஞ்சைக் காவலுக்குப் போனவர். கம்பு சுற்றத் தெரிந்தவர். ஒரு நாள் இரவு பருத்திக் காட்டில் ஓர் ஆள் மடியில் பருத்தி எடுப்பதைக் கண்டாராம். அருகே போய்ப் பார்த்தால் ஒரு பெண்மணி. அந்த அம்மாள் ஓடப் பார்த்தார். தாத்தா அடிக்கவில்லை. வரப்பின் குறுக்கே கம்பை நீட்டினார். அவ்வளவுதான். அந்த அம்மாள் உட்கார்ந்து அழுதார். மறுநாள் நிலத்துக்காரரிடம் சொல்லி, அவரைக் கூலிக்குப் பருத்தி எடுக்க வரச் சொன்னார்களாம். “கம்பு தெரியாதவனாக இருந்தால் பயத்தில் ஓங்கி அடித்திருப்பேன். கம்பு தெரிந்ததனால்தான் குறுக்கே நீட்டத் தோன்றியது” என்று தாத்தா சொல்வாராம். சிறு வயதில் இது வெறுங்கதை என்றே நினைத்தேன். இக்கட்டுரைக்காகப் படித்தபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று.

ஜப்பானில் ஓர் ஆசிரியர்

காவலும் தற்காப்புக்கலையும் பள்ளிப் பாடம் போலவே ஒழுங்காக இணைந்தது ஜப்பான் நாட்டில். அங்கே ஜிகோரோ கானோ (1860-1938) என்பவர் இருந்தார். சிறுவயதில் மெலிந்த உடலினர். பள்ளியில் முரட்டு மாணவர்கள் அவரைத் துன்புறுத்தினார்கள். தம்மைக் காத்துக்கொள்ள ஜூஜுட்சு என்னும் பழைய மற்போர்க் கலையைக் கற்றார். அதில் ஆபத்தான பிடிகளைப் பயிற்சியிலிருந்து விலக்கி, நல்லவற்றைத் தொகுத்து ‘ஜூடோ’ எனப் பெயரிட்டார். 1882ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் 12 பாய்களை விரித்து, 9 மாணவர்களுடன் கோடோகன் என்னும் பள்ளியைத் தொடங்கினார். அவர் தொழிலால் ஆசிரியர் என்பது நாம் மகிழ வேண்டிய செய்தி.

சில ஆண்டுகளுக்குள் டோக்கியோ காவல் துறை நடத்திய போட்டிகளில் கோடோகன் மாணவர்கள் வென்றார்கள். காவல் துறை ஜூடோவை ஏற்றுக்கொண்டது. கானோவின் மாணவர் யமாஷிதா (1865-1935) காவலருக்கு ஆசிரியரானார். பிறகு அமெரிக்கா சென்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே 1904இல் ஜூடோ கற்றுக் கொடுத்தார். அவருடைய மனைவி ஃபுதே அம்மையார் அங்கே பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார். இன்றும் ஜப்பானியக் காவல் பயிற்சிப் பள்ளியில் ஜூடோவும் கெண்டோ என்னும் வாட்பயிற்சியும் பாடங்களாக உள்ளன.

ஜூடோவில் முதலில் கற்பது என்ன தெரியுமா? எதிரியை வீழ்த்துவது அன்று. அடிபடாமல் விழுவது. இரண்டாவதாகக் கற்பது, பிடிக்குள் அகப்பட்டவர் கையால் பாயைத் தட்டினால் அந்த நொடியே பிடியை விட்டுவிட வேண்டும் என்பது. தட்டிய பிறகும் பிடியை விடாதவருக்கு அங்கே இடமில்லை. சிலம்பத்திலும் அப்படியே. முதல் நாளில் கம்பு கையில் வராது. வணக்கமும் காலடியும் பழகிய பிறகே கம்பு கைக்கு வரும்.

ஒரே கை, இருவகைப் பாடம்

காவலராக இருந்துகொண்டே ஆசிரியராகவும் விளங்கியவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் வில்லியம் ஃபேர்பேர்ன் (1885-1960) என்னும் ஆங்கிலேயர். 1907இல் சீன நாட்டு ஷாங்காய் நகரக் காவல் துறையில் சேர்ந்தார். கள்வரும் கடத்தல்காரரும் நிறைந்த துறைமுக நகரம் அது. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கும்பலிடம் கடுமையாக அடிபட்டார். அதன் பின் ஜூஜுட்சு கற்றார். கோடோகனில் கறுப்புப் பட்டையும் பெற்றார். தாம் கற்றதைத் தம் துறைக் காவலருக்குக் கற்பித்து, 1926இல் நூலாகவும் எழுதினார். 1942இல் பெண்களுக்கென்றே ஒரு தற்காப்பு நூல் வெளியிட்டார். தோளைப் பிடித்தால் எப்படி விடுபடுவது, கையை முறுக்கினால் என்ன செய்வது என்று படங்களுடன் விளக்கும் நூல் அது.

ஆனால் இரண்டாம் உலகப் போர் வந்தபோது இதே மனிதர் படை வீரருக்கு வேறு பாடம் நடத்தினார். ஓசையின்றிக் கொல்வது எப்படி என்பதே அப்பாடம். கை ஒன்றுதான், கற்பித்தவரும் ஒருவர்தான். போர்க்களத்தில் எதிரியை அழிப்பது நோக்கம். காவலரோ ஒருவரை உயிரோடும் ஊனமின்றியும் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். எனவே காவலரின் தற்காப்புக்கலை, போர்வீரரின் கலையைவிடக் கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது. அடக்குவதற்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும்.

நம் நாட்டில் பெண் காவலர்

1972இல் கிரண் பேடி நம் நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஆனார். டென்னிஸ் ஆட்டத்திலும் வல்லவர். 1973இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகப் பெண்கள் காவல் துறையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர், ஆக 22 பேர். அதே ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் கேரளத்துக் கோழிக்கோட்டில் மகளிர் காவல் நிலையத்தை இந்திரா காந்தி அம்மையார் திறந்து வைத்தார். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது. இன்று நம் கோவில்பட்டியிலும் அத்தகைய நிலையம் உண்டு.

1976இல் தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியான ஜி. திலகவதி, காவல் பணியில் இருந்துகொண்டே கதைகள் எழுதி, 2005இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். காக்கி உடைக்குள் இன்னொரு திறமையும் வாழ முடியும் என்பதற்கு அவர் சான்று.

சரி, காவலராகவும் தற்காப்பு ஆசிரியராகவும் பெண்கள் உண்டா? உண்டு. தலைநகர் டில்லியில் 2002ஆம் ஆண்டு முதல் பெண் காவலர்களே பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சென்று மாணவியருக்குத் தற்காப்புப் பயிற்சி அளித்து வருகிறார்கள். கோடை விடுமுறையில் முகாம்களும் நடக்கும். 2018இல் டில்லியில் பெண்கள் மட்டுமே அடங்கிய அதிரடிப்படை அமைந்தது. வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த 36 பெண்கள் அதில் இடம்பெற்றார்கள். தமிழ்நாட்டில் பெண் காவலரின் பொன்விழா 2023 மார்ச்சில் கொண்டாடப்பட்டபோது, சென்னை மாநகரக் காவல் துறையின் ‘அவள்’ திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மாணவியருக்கும் பெண்களுக்கும் தற்காப்பும் விழிப்புணர்வும் கற்றுக் கொடுப்பது அதன் நோக்கம்.

தற்காப்பு வகுப்பில் பெண் காவலர் ஆசிரியராக நிற்பதால் ஒரு தனிப்பயன் உண்டு. கராத்தே வாத்தியாரிடம் பிடியை விடுவிக்கக் கற்கலாம். “அதன் பிறகு யாரிடம் சொல்வது?” என்று கேட்டால், காவலரான ஆசிரியை “என்னிடம் சொல்” என்று பதில் கூற முடியும்.

இதை நான் ஏட்டில் மட்டும் கண்டு சொல்லவில்லை. என் உறவில் ஓர் அக்கா இருந்தாள். நன்றாகப் படிப்பாள். பஸ்ஸில் ஒருவன் நாள்தோறும் தொந்தரவு செய்தான். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. கடைசியில் விஷயம் தெரிந்தபோது, அவள் பயந்தபடியே படிப்பு நின்றது. தப்புச் செய்தவன் வழக்கம்போல் பஸ்ஸில் போனான். தப்பே செய்யாதவள் வீட்டில் இருந்தாள். அவளுக்குக் கம்பு சுற்றத் தெரிந்திருந்தால் போதுமா? போதாது. சத்தம் போடவும், சொல்லவும், சொன்னால் கேட்டுக்கொள்ளும் ஆளும் வேண்டும். தற்காப்பு வகுப்பில் முதற்பாடம் கையால் செய்வதன்று, குரலால் செய்வது. உரக்கக் கத்து, ஓடு, நம்பிக்கையானவரிடம் சொல். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்திற்கும் 112. இவ்வெண்களை நம் பெயரைப் போல் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு செய்தி. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்யலாம். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். அப்போது அவர் சீருடை அணிந்திருக்கக் கூடாது. இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கவும் கூடாது. ஆகவே, “போலீஸ் ஸ்டேஷன் வாசல் மிதிக்க வேண்டுமே” என்று அஞ்சி மறைக்க வேண்டியதில்லை.

சட்டம் சொல்லும் அளவு

நம்மை ஒருவர் தாக்க வந்தால் தடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த இவ்வுரிமை, 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இடம்பெற்றுள்ளது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தற்காப்புக்குத் தேவையான அளவைவிட அதிகமான தீங்கு செய்யக் கூடாது. ஓடுகிறவனைத் துரத்திச் சென்று அடிப்பது தற்காப்பு ஆகாது.

காவலருக்கும் அதே அளவுகோல்தான். கைதான ஒருவர் தப்பி ஓடாமல் இருக்க எவ்வளவு தேவையோ, அதற்கு மேல் அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று சட்டம் கூறுகிறது. கானோ தம் மாணவருக்கு வைத்த விதியும், என் தாத்தா வரப்பில் கம்பை நீட்டியதும், சட்டப் புத்தகமும் ஒன்றையே சொல்வதைக் கண்டு வியந்தேன். அளவு! அதுவே காவலையும் கலையையும் சேர்க்கும் கயிறு.

நம் மாவட்டம் மறவாத பாடம்

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 19.6.2020 அன்று நம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் கைது செய்யப்பட்டார்கள். பிறகு கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஜூன் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்துக் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். காவல் நிலையத்தில் இரவு முழுவதும் அடிக்கப்பட்டதாக எழுந்த வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்துக் காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

ஜூடோ பாயில் ஒருவர் தட்டினால் பிடியை விட வேண்டும் என்று மேலே எழுதினேன். அந்த இரவில் தட்டிய கைகளை யாரும் மதிக்கவில்லை.

அந்த நிலையத்தில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சாட்சியமாகச் சொன்னார். சுற்றிலும் தம் துறையினர். நாளையும் அவர்களோடுதான் வேலை பார்க்க வேண்டும். அப்படியிருந்தும் சொன்னார். அவர் கையில் கம்பும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனாலும் நான் படித்தறிந்த வீரர் எல்லாருள்ளும் அவரையே பெரியவராக மதிக்கிறேன்.

இரண்டையும் ஒருவர் செய்ய முடியுமா?

சிஸ்டர் கேட்ட கேள்விக்கு இனி விடை கூறுவோம்.

தமிழ்நாட்டில் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வின் மூலம் காவல் துறையில் சேரலாம். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சப்-இன்ஸ்பெக்டருக்குப் பட்டப்படிப்பு வேண்டும். எழுத்துத் தேர்வோடு ஓட்டம் முதலிய உடல்திறன் தேர்வுகளும் உண்டு. விளையாட்டு வீரருக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தெருவில் சுற்றிய கம்பு அரங்கேறிவிட்டது அன்றோ!

காவலர் தம் துறைக்குள்ளேயே பயிற்றுநர் ஆகலாம். பயிற்சிப் பள்ளிகளில் புதியவருக்குக் கற்பிக்கலாம். பள்ளிகளுக்குச் செல்லும் தற்காப்புக் குழுவிலும் சேரலாம். வெளியே தாமாக வகுப்பு நடத்த விரும்பினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசுப் பணியாளர் முன் அனுமதி இன்றி ஊதியம் வாங்கிக்கொண்டு வேறு தொழில் செய்யக் கூடாது. கடமைக்கு இடையூறின்றிச் சேவையாகக் கற்பிப்பதே நேரான வழி. காவல் பணியில் இரவு பகல் இல்லை, திருவிழா விடுமுறை இல்லை. ஆகவே நாள்தோறும் மாலை வகுப்பு என்பது என் ஆசைதான்; வாரம் ஒருநாள் என்று குறைத்துக்கொண்டேன்.

பயன் இருபுறமும் உண்டு. வாரந்தோறும் சிறு பிள்ளைகளுக்குக் கம்பு கற்றுக் கொடுப்பவர், “மெதுவாக, மெதுவாக, எதிரில் நிற்பது உன் தோழி” என்று நூறு முறை சொல்வார். அதே வாய் காவல் நிலையத்தில் வேறு மாதிரி பேசுமா? பிள்ளைகளுக்கும் ஒரு பயன்: போலீஸ் என்றால் பூச்சாண்டி என்ற பயம் போய்விடும். கம்பு கொடுத்த வாத்தியாரிடம் எதையும் சொல்லலாம் அல்லவா?

முடிவுரை

அடிக்கத் தெரிந்தவர் எல்லாரும் வீரர் அல்லர். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரே வீரர். அந்த அறிவு காவலருக்கு வேண்டும்; அதைப் பழக்குவது கலை. ஆகையால் காவலரும் கலை ஆசிரியரும் ஒருவராக இருப்பது பொருந்தும் என்பது மட்டுமன்று, நன்மையும் ஆகும் என்பதே நான் கண்ட முடிவு.

தாத்தாவின் கம்பு எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. இக்கட்டுரையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சாத்தான்குளம் வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “பொம்பளைப் பிள்ளைக்குக் கம்பு எதுக்கு?” என்று எப்போதும் கேட்பவர்கள், இம்முறை அதைக் கேட்கவில்லை. “முதலில் பரீட்சையை ஒழுங்காக எழுது. அப்புறம் பார்க்கலாம்” என்றார்கள்.

‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும். தோழியரே, பரீட்சை முடிந்ததும் பரணில் ஏறுவேன். கம்பு கற்க வர விரும்புவோர் இப்போதே பெயர் கொடுக்கலாம். முதல் மாதம் காலடி மட்டுமே!